ஜெல் மணி உலோகத்தைப் பிடிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

ஆல்ஜினேட், கைட்டோசான் என்ற இரண்டில் ஒன்றை வைத்துத்தான் மட்கும் ஜெல் மணிகளை, அதாவது சிறு ஜெல் உருண்டைகளை, பெரும்பாலோர் செய்கிறார்கள். ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது, கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. ஈயம், செம்பு, காட்மியம், நிக்கல் போன்ற கன உலோகங்களை நீரிலிருந்து பிடித்துவைக்க இரண்டும் நன்றாகவே உதவும். ஆனாலும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான புகார்கள் வருகின்றன. அந்தப் புகார்களை அறிகுறிவாரியாகப் பிரித்து, செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு பிடிக்கும் காரணம் வரை கீழே எழுதியிருக்கிறேன். ஜெல் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் இதில் கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஜெல் சரியில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் ஜெல் சரியாகத்தான் இருக்கும். நீரின் பி.எச். (அமில, கார அளவு), நீரில் கூடவே கரைந்திருக்கும் மற்ற பொருள்கள், மாதிரி எடுத்த விதம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். புதிய ஜெல் செய்ய உட்காருமுன் இந்த மூன்றையும் பாருங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இவை

உள்ளே போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டின் பி.எச்.ஐயும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெளிநீரின் பி.எச். மிக முக்கியம். பலர் உள்நீரை மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மீட்டரை அன்றைக்கே பஃபர் கரைசலில் (பி.எச். முன்பே தெரிந்த கரைசலில்) சரிபார்த்திருக்க வேண்டும்.

ஜெல் போடாமல், மற்ற எல்லாவற்றையும் அதேபோல் வைத்து, ஒரு பாத்திரத்தில் நீரை மட்டும் அதே நேரம் வைத்திருங்கள். இந்தச் "சும்மா பாத்திரம்" இல்லாமல் கீழே வரும் பாதிச் சோதனைகளுக்குப் பொருளே இல்லை.

முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீரானால், அதில் சயனைடு இல்லை என்று உறுதியாகத் தெரியும் வரை ஒரு சொட்டு அமிலமும் சேர்க்காதீர்கள். சயனைடு நீரில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், அது உயிரைப் பறிக்கும். அந்த நீரைத் தொடங்கும்போதே நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: வெளிநீரில் உலோகம் குறையவே இல்லை

*எதை வைத்து அளந்தீர்கள்?* டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்துள்ள மொத்த உப்பைக் காட்டுவதை) வைத்து முடிவு சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆல்ஜினேட் மணி ஓர் ஈய அயனியைப் பிடித்துக்கொண்டு ஒரு கால்சியம் அயனியை வெளியே விடுகிறது. போனது ஈயம், வந்தது கால்சியம், மீட்டர் அசையாது. நிறம் மாறும் சோதனைத் தாள்களும் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவில் நம்பத்தக்கவை அல்ல. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், காட்மியத்துக்கு 3. தீச்சுடர் வகை ஏ.ஏ.எஸ். (அணு உறிஞ்சல் நிறமாலை) கருவி இந்த அளவில் ஈயத்தை நம்பகமாகக் காட்டாது. கிராஃபைட் உலை வகையோ, ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற இன்னும் நுட்பமான கருவியோ வேண்டும். அறிக்கையில் அலகையும் ஒருமுறை பாருங்கள். மைக்ரோகிராமை மில்லிகிராமாகப் படித்துவிட்டால் ஆயிரம் மடங்கு பிழை வரும்.

*மாதிரியை வடிகட்டினீர்களா?* ஆய்வகங்கள் மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச்.ஐ 2க்குக் கீழே கொண்டுவரச் சொல்லும். சரியான வழக்கம்தான். ஆனால் மாதிரியில் ஜெல் துணுக்குகள் கலந்திருந்தால், துணுக்கு பிடித்துவைத்த உலோகத்தை அந்த அமிலம் கழற்றி நீரில் விட்டுவிடும். அறிக்கை "குறையவில்லை" என்று வரும். 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்த மாதிரி ஒன்று, வடிக்காத மாதிரி ஒன்று என இரண்டும் அனுப்புங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஜெல் வேலை செய்கிறது, ஆனால் உடைந்து வெளியேறுகிறது என்று பொருள். அந்த நிலையில் "மணி உப்புகிறது, கரைகிறது" என்ற அறிகுறிக்குப் போங்கள். குடிக்கிற நீரானால் வடிக்காத எண்ணே கணக்கு. துணுக்கும் சேர்த்துத்தானே குடிக்கிறோம்!

*பி.எச். எவ்வளவு?* ஆல்ஜினேட்டின் அமிலக் குழுக்களின் பி.கே. மதிப்பு (குழுக்களில் பாதி ஹைட்ரஜனை விட்டிருக்கும் பி.எச்.) 3.4 முதல் 3.7 வரை. பி.எச். 3க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அயனிகளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும், உலோகத்துக்கு இடமிருக்காது. கைட்டோசானில் அமைன் குழுவின் பி.கே. ஏறத்தாழ 6.3 முதல் 6.5. அமிலம் கூடினால் அமைன் நேர்மின்னூட்டம் பெற்று, நேர்மின்னூட்ட உலோகத்தைத் தள்ளிவிடும். ஈயம், செம்பு, காட்மியத்துக்குப் பெரும்பாலும் 4.5 முதல் 6 வரை வைத்துப் பாருங்கள். 6க்கு மேலே போனால் வேறொரு தொல்லை இருக்கிறது, அதற்குத் தனி அறிகுறி கீழே வருகிறது.

*ஈர எடையா, உலர் எடையா?* ஆய்வுக் கட்டுரையில் "ஒரு கிராமுக்கு 100 மில்லிகிராம்" என்று இருந்தால் அது உலர்ந்த ஜெல்லின் கணக்கு. 2 சதவீதக் கரைசலில் செய்த ஈர மணியில் 95 சதவீதத்துக்கு மேல் நீர்தான். ஒரு கிலோ ஈர மணியில் உண்மையான ஜெல் 30 கிராம் தேறினால் அதிகம். 30 கிராமுக்கு 3 கிராம் உலோகம் என்றால், லிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள நீரில் 300 லிட்டர். அதுவும் கடைசி இடம்வரை நிரம்பினால்தான். மணிகளை நிரப்பிய குழாயில் நீரை ஓட்டும்போது அதில் பாதி கிடைப்பதே பெரிது. பத்து மணியை எடைபோட்டு, 60 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்தி மறுபடி எடைபோட்டால் உங்கள் மணியின் சரியான விகிதம் தெரிந்துவிடும். இது காசு செலவில்லாத சோதனை, ஆனால் செய்பவர்கள் குறைவு.

*எந்த உலோகம்?* உலோகத்தின் பெயரைக் கேட்டாலே சில சமயம் விடை வந்துவிடும். ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எதிர்மின்னூட்டக் குரோமேட்டாக இருக்கிறது. ஆல்ஜினேட்டும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், எத்தனை கிலோ போட்டாலும் பயனில்லை. குரோமேட்டுக்குக் கைட்டோசான் வேண்டும், அதுவும் 3 முதல் 5 பி.எச்.இல். அந்த அமிலத்தில் சாதாரணக் கைட்டோசான் கரைந்துவிடும் என்பதால் குறுக்குப் பிணைப்புச் செய்த (சங்கிலிகளை வேதிப்பொருளால் ஒன்றோடொன்று கட்டிய) மணியாக இருக்க வேண்டும்.

ஆர்செனிக் இன்னும் சிக்கலானது. நிலத்தடி நீரில் வழக்கமாக இருக்கும் மூன்று இணைதிறன் ஆர்செனிக்குக்கு பி.எச். 9 வரை மின்னூட்டமே இல்லை. வெறும் ஆல்ஜினேட், வெறும் கைட்டோசான் எதுவும் அதைப் பிடிக்காது. முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து ஐந்து இணைதிறனுக்கு மாற்ற வேண்டும், பிறகு இரும்பு ஆக்சைடு ஏற்றிய ஜெல்லில் விட வேண்டும். ஆர்செனிக் உள்ள குடிநீரை நீங்களே பரிசோதனை செய்து பார்க்காதீர்கள், நிபுணரை அழையுங்கள்.

*நீரில் வேறென்ன இருக்கிறது?* கடினநீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியமும் 0.1 மில்லிகிராம் ஈயமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அயனி எண்ணிக்கையில் கால்சியம் ஏறத்தாழ 5,000 மடங்கு. ஆல்ஜினேட் ஈயத்தைத்தான் விரும்பும், அடுத்தது செம்பு, பிறகு காட்மியம். ஆகவே ஈயமும் செம்பும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நிக்கல், துத்தநாகம், கோபால்ட், மாங்கனீசு எல்லாம் கால்சியத்துக்கும் பின்னால் நிற்பவை, கடினநீரில் அவற்றை ஆல்ஜினேட் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் அதே அளவு உலோகத்தைக் கரைத்து அதே மணியைப் போட்டுப் பாருங்கள். அதில் பிடித்து உங்கள் நீரில் பிடிக்கவில்லையென்றால் குற்றவாளி நீர்தான்.

*உலோகத்தை வேறு யாராவது பிடித்திருக்கிறார்களா?* சிட்ரேட், ஈ.டி.டி.ஏ., அம்மோனியா, மட்கிய இலைகளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் ஆகியவை உலோகத்தைக் கட்டிப்போட்டுவிடும். அடர்நீல நீர் என்றால் செம்பும் அம்மோனியாவும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேநீர் நிறத்தில் இருந்தால் ஹியூமிக். ஹியூமிக்கை முன்கூட்டியே கிளர்வுற்ற கார்பனில் விட்டு ஓரளவு குறைக்கலாம். ஈ.டி.டி.ஏ. கலந்த தொழிற்சாலைக் கழிவைச் சாதாரண ஜெல்லால் ஒன்றும் செய்ய முடியாது. அது கழிவுநீர்ப் பொறியாளர் வேலை.

அறிகுறி: முதல் சில லிட்டர் நன்றாக வருகிறது, பிறகு விட்டுவிடுகிறது

ஒரு மணியை எடுத்து பிளேடால் நடுவில் வெட்டுங்கள். செம்போ நிக்கலோ ஆனால் நிறம் கண்ணுக்கே தெரியும்.

வெளியே நிறமான வளையம், உள்ளே வெள்ளை: மணி இன்னும் நிரம்பவில்லை, நீர் நிற்கும் நேரம் போதவில்லை. ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். அப்படியும் போதாவிட்டால் மணியைச் சிறிதாக்குங்கள். விட்டம் பாதியானால் உள்ளே ஊற வேண்டிய நேரம் ஏறத்தாழ கால்வாசியாகும். 3 மில்லிமீட்டர் மணிக்கும் 1.5 மில்லிமீட்டர் மணிக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைப்பதால் கிடைப்பதைவிடக் கூடுதல்.

நடுவரை ஒரே நிறம்: மணி நிரம்பிவிட்டது. கழுவ வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். கோளாறு எதுவும் இல்லை.

சில மணிகள் முழு நிறம், பக்கத்திலேயே சில மணிகள் வெள்ளை: நீர் குறுக்குவழியில் ஓடுகிறது. குழாயின் உள்விட்டம் மணியின் விட்டத்தைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் ஓரமாக நீர் நழுவிவிடும். 3 மில்லிமீட்டர் மணிக்கு 30 மில்லிமீட்டர் குழாய் என்பது குறைந்தபட்சம். குழாயைக் காலி செய்து, பாதியளவு நீர் ஊற்றிக்கொண்டு, மணிகளை நீருக்குள்ளேயே மெல்ல இறக்குங்கள். காய்ந்த குழாயில் கொட்டினால் காற்று சிக்கும். குளிர்ந்த நீர் உள்ளே வந்து சூடாகும்போதும் குமிழிகள் வரும். நீரை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, கீழிருந்து மேலாக ஓட்டினால் பெரும்பாலான குமிழித் தொல்லை போய்விடும்.

ஈயத்திலும் காட்மியத்திலும் நிறம் உதவாது. வெளிநீரைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் மாதிரி எடுத்து அனுப்புவது ஒன்றே வழி. இரண்டு குழாய்களை வரிசையாக மாட்டுவது நல்லது. முதல் குழாயின் வெளிநீரில் உலோகம் தலைகாட்டியதும் அதைக் கழற்றிவிட்டு, இரண்டாவதை முன்னால் மாற்றி, புதியதைப் பின்னால் மாட்டலாம். தப்பி வருவதைப் பிடிக்கப் பின்னால் எப்போதும் ஒன்று இருக்கும்.

அறிகுறி: உள்ளே போனதைவிட வெளியே அதிகமாக வருகிறது

ஆய்வகம் தவறு செய்துவிட்டது என்று சண்டைக்குப் போகாதீர்கள். பல உலோகம் கலந்த நீரில் இது நடக்கவே செய்யும். முதலில் மணியில் எல்லாமே உட்கார்ந்துகொள்ளும். ஈயமும் செம்பும் வந்துகொண்டே இருக்க, ஏற்கனவே உட்கார்ந்திருந்த காட்மியத்தையும் நிக்கலையும் எழுப்பிவிட்டு அவை உட்காரும். எழுந்தவை அனைத்தும் ஒரே நேரத்தில் வெளிநீரில் வரும்போது உள்நீரின் அளவைத் தாண்டும்.

எந்த உலோகம் கூடுகிறது என்று பாருங்கள். காட்மியமோ நிக்கலோ கூடி ஈயம் இன்னும் குறைவாக இருந்தால் இதுதான் காரணம். ஈயத்தை வைத்துக் குழாயை மாற்றும் நாளைக் கணக்கிடாதீர்கள், மிகச் சீக்கிரம் நழுவும் உலோகத்தை வைத்துக் கணக்கிடுங்கள். ஈயமே கூடினால் உள்நீரின் பி.எச். திடீரென்று இறங்கியிருக்கலாம், அல்லது உப்பு மிகுந்த நீர் வந்திருக்கலாம். இரண்டும் பிடித்ததைக் கழற்றிவிடும். பி.எச். பதிவேடு வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும்.

குடிநீருக்கு வைத்த ஜெல் குழாயில் இந்த அறிகுறி தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். கொதிக்கவைப்பது தீர்வாகாது. நீர் ஆவியாகும், உலோகம் அப்படியே நிற்கும், செறிவு இன்னும் கூடும்.

அறிகுறி: முடிவு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது

இதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் சந்தேகம் வருவது "முதல் முயற்சியிலேயே 99 சதவீதம்" என்ற அறிக்கையைப் பார்க்கும்போதுதான்.

*கைட்டோசான் மணியில் காஸ்டிக் சோடா மிச்சம் இருக்கிறதா?* கைட்டோசான் கரைசலைக் காஸ்டிக் சோடாவில் சொட்டவிட்டுத்தான் மணியாக்குகிறோம். கழுவல் போதாவிட்டால் மணிக்குள் இருக்கும் காரம் மெல்லக் கசிந்து நீரின் பி.எச்.ஐ ஏற்றும். செம்பும் ஈயமும் ஹைட்ராக்சைடாக வீழ்ந்து பாத்திரத்தின் அடியில் கிடக்கும். வடிகட்டினால் நீர் சுத்தம், பெயர் ஜெல்லுக்கு! மறுநாள் அமிலமான நீர் வந்தால் வீழ்ந்ததெல்லாம் மறுபடி கரையும். கழுவிய நீரின் பி.எச். காய்ச்சி வடித்த நீரின் பி.எச்.க்கு வரும்வரை மணியைக் கழுவுங்கள். பிறகு சும்மா பாத்திரத்தின் பி.எச்.ஐ வெளிநீரின் பி.எச்.க்குச் சமமாக்கி, வடித்து, அளந்து பாருங்கள். ஜெல் இல்லாத பாத்திரத்திலும் உலோகம் குறைந்திருந்தால் அந்தப் பங்கு ஜெல்லுடையது அல்ல.

*கணக்கு பொருந்துகிறதா?* சோடியம் ஆல்ஜினேட்டின் ஒரு அலகின் எடை 198. ஓர் ஈரிணைதிறன் உலோக அயனியைப் பிடிக்க இரண்டு அலகுகள் தேவை. அப்படியானால் ஒரு கிராம் வெறும் ஆல்ஜினேட் அயனிப் பரிமாற்றத்தில் பிடிக்கக்கூடிய உச்சம் செம்பானால் ஏறத்தாழ 160 மில்லிகிராம், ஈயமானால் 520. அதற்கு மேலே ஒரு எண் வந்தால் வீழ்படிவைத்தான் எண்ணியிருக்கிறீர்கள்.

*குரோமியமா?* மஞ்சள் நீர் நிறமற்றதாகிவிட்டது, டைபினைல்கார்பசைடு சோதனையில் ஊதா வரவில்லை, ஆகவே குரோமியம் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அந்தச் சோதனை ஆறு இணைதிறன் குரோமியத்தை மட்டுமே காட்டும். அமில நீரில் இந்த மட்கும் ஜெல்கள் அதை மூன்று இணைதிறனுக்குக் குறைத்துவிடும். மூன்று இணைதிறன் குரோமியம் நீரிலேயே இருக்கலாம். மொத்தக் குரோமியம் அளந்தால்தான் உண்மை தெரியும்.

*மாதிரி வைத்த பாட்டில் எது?* நடுநிலை நீரிலுள்ள ஈயம் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பாலிஎத்திலீன் பாட்டிலில் எடுத்து, வடித்தவுடன் அமிலம் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: மணி உப்புகிறது, வழவழக்கிறது, கரைகிறது

ஆல்ஜினேட் மணி என்றால் கால்சியத்தை யாரோ பிடுங்குகிறார்கள். பாஸ்பேட், சிட்ரேட், ஈ.டி.டி.ஏ. மூன்றும் முதல் சந்தேகத்துக்குரியவை. சலவைத்தூள் கலந்த நீர், பாஸ்பேட் பஃபரில் செய்த ஆய்வகச் சோதனை ஆகியவற்றில் மணி கூழாகிப் போவது இதனால்தான். அடுத்தது சோடியம். சோடியமும் கால்சியமும் 25க்கு 1 என்ற விகிதத்துக்குள் இருந்தால் குளுரோனிக் கூறு (ஆல்ஜினேட் சங்கிலியின் இரண்டு வகை அலகுகளில் ஒன்று) அதிகமுள்ள ஆல்ஜினேட் தாங்கும். அந்தக் கூறு குறைந்த மலிவான வகை 3க்கு 1 தாண்டினாலே தள்ளாடும். நீரில் சிறிது கால்சியம் குளோரைடு சேர்த்தால் மணி நிற்கும், ஆனால் அந்தக் கால்சியம் உலோகத்தோடு போட்டியிடும். உப்புநீருக்கு ஆல்ஜினேட்டை விட்டுவிட்டு வேறு ஜெல் பார்ப்பதே என் யோசனை.

புதிய மணியே தொளதொளவென்று இருந்தால் கால்சியம் குளோரைடு குளியலைப் பாருங்கள். 0.1 மோலார் கரைசலுக்கு நீரற்ற உப்பு லிட்டருக்கு 11.1 கிராம், இரண்டு நீர் மூலக்கூறு உள்ள உப்பு 14.7 கிராம். டப்பாவில் எது என்று படிக்காமல் எடைபோட்டால் கால்பங்கு குறையும். திறந்து வைத்த டப்பா காற்றிலிருந்து ஈரம் இழுத்துக் கட்டியாகியிருந்தால் இன்னும் குறையும். மணியைக் குளியலில் ஓர் இரவு விடுங்கள், அரை மணிநேரத்தில் எடுத்தால் மேல்தோல் மட்டும் இறுகியிருக்கும்.

கைட்டோசான் மணி கரைந்தால் கேள்வி ஒன்றுதான்: நீரின் பி.எச். 6க்குக் கீழா? ஆமென்றால் குறுக்குப் பிணைப்பு வேண்டும். குளுட்டரால்டிஹைடு வழக்கமானது. அது அமைன் குழுக்களைத்தான் பிடித்துப் பிணைக்கிறது, ஆகவே கூடக்கூட உறுதி ஏறும், உலோகம் பிடிக்கும் இடம் குறையும். கரையாமல் நிற்கும் குறைந்த அளவோடு நிறுத்துங்கள். எஞ்சிய குளுட்டரால்டிஹைடை நன்றாகக் கழுவாத மணியைக் குடிநீருக்குப் போடவே கூடாது.

குளோரின் கலந்த நீர் இரண்டு ஜெல்லையும் மெல்ல அரிக்கும். குழாய்நீரானால் முன்னால் ஒரு கார்பன் பில்டர் போதும்.

அறிகுறி: காயவைத்த மணி சுருங்கிவிட்டது, நீரில் போட்டாலும் பழையபடி ஆகவில்லை

சாதாரண அடுப்பில் காயவைத்தால் நுண்துளைகள் இடிந்து ஒட்டிக்கொள்ளும், திரும்பத் திறக்காது. காயவைக்காமல் நீர்த்த கால்சியம் குளோரைடில் குளிர்பெட்டியில் வையுங்கள். உலர்த்தியே ஆக வேண்டுமென்றால் உறைநிலை உலர்த்தல், அது செலவு பிடிக்கும்.

அறிகுறி: ஓட்டம் அடைக்கிறது, பம்ப் முனகுகிறது

பழுப்பு ஆரஞ்சுப் படலம் மணியின் மேல் தெரிந்தால் இரும்பு. நிலத்தடி நீரில் கரைந்து வரும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகி மணியைப் போர்த்திவிடும். நீரை முதலில் காற்றேற்றி, மணலில் வடித்து, பிறகு ஜெல்லுக்கு அனுப்புங்கள். சேறு, பாசி எல்லாம் இதே மணலில் நின்றுவிடும்.

படலம் இல்லையென்றால் அடிப்பகுதி மணிகளை எடுத்துப் பாருங்கள். தட்டையாக நசுங்கியிருந்தால் மேலேயிருந்து வரும் அழுத்தத்தை அவை தாங்கவில்லை. உயரமான ஒரு குழாய்க்குப் பதிலாகக் குட்டையான இரண்டு மூன்று குழாய்களை வரிசையாக மாட்டுங்கள், ஓட்டத்தையும் கீழிருந்து மேலாக வையுங்கள். பம்பின் வேகத்தைக் கூட்டி அடைப்பைத் தள்ளப் பார்ப்பது மணியை மேலும் நசுக்கத்தான் உதவும்.

அறிகுறி: நாற்றம், பிசுபிசுப்பு, கறுப்பு

மட்கும் பொருள் மட்கத் தொடங்கிவிட்டது, வேறொன்றும் இல்லை. பிசுபிசுப்பு மட்டும் என்றால் நுண்ணுயிர்ப் படலம். மணியைக் கழுவி, தேங்கிய நீரை வடித்து, இடைவெளி விடாமல் ஓட்டுங்கள். நிறுத்திவைத்த குழாயில்தான் இது வரும்.

அழுகிய முட்டை நாற்றமும் கறுப்பு நிறமும் சேர்ந்து வந்தால், சல்பேட்டைச் சல்பைடாக்கும் நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கின்றன. கறுப்பு என்பது உலோகச் சல்பைடு. அந்த மணியை அமிலத்தில் கழுவாதீர்கள், ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். கழுவாமல் அப்படியே அகற்றுங்கள்.

கெடாமல் வைக்கச் சோடியம் அசைடு சேர்க்கும் வழக்கம் சில ஆய்வகங்களில் உண்டு. ஈயமோ செம்போ உள்ள இடத்தில் அது கூடவே கூடாது. ஈய அசைடும் செம்பு அசைடும் வெடிக்கும். அமிலம் பட்டால் நச்சு வாயு வேறு. குடிநீர் மணிக்கு அசைடு எந்நிலையிலும் வேண்டாம்.

அறிகுறி: கழுவி மறுபடி போட்டால் பிடிக்கவில்லை

*எதில் கழுவினீர்கள்?* ஆல்ஜினேட் மணியை ஈ.டி.டி.ஏ.யில் கழுவினால் உலோகத்தோடு கால்சியமும் போய் மணியே கரையும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுங்கள். குறுக்குப் பிணைப்பு இல்லாத கைட்டோசானுக்கு நேர்மாறு: ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைத்துவிடும், ஈ.டி.டி.ஏ. சரிப்படும்.

*கழுவிய பிறகு என்ன செய்தீர்கள்?* அமிலத்தில் கழுவிய ஆல்ஜினேட் மணி கால்சியத்தை இழந்து ஆல்ஜினிக் அமிலமாக நிற்கும். அதை அப்படியே குழாயில் போட்டால் வெளிநீரின் பி.எச். இறங்கும், உலோகம் பிடிக்காது. காரத்தன்மையுள்ள நீர் வந்தால் மணி உப்பிக் கரையவும் தொடங்கும். அமிலத்துக்குப் பின் நீரில் அலசி, கால்சியம் குளோரைடில் ஊறவைத்து, மறுபடி அலசுங்கள். கைட்டோசானை நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஒருமுறை விட்டு, பி.எச். இறங்கும்வரை அலசுங்கள்.

*பிடித்ததெல்லாம் வெளியே வந்ததா?* கழுவிய அமிலத்தின் கொள்ளளவை அதிலுள்ள உலோகச் செறிவால் பெருக்குங்கள். பிடித்த அளவோடு ஒப்பிடுங்கள். பாதிதான் வந்திருந்தால் இன்னும் நேரம் ஊற வேண்டும். முழுவதும் வந்தும் அடுத்த சுற்றில் பிடிக்கவில்லையென்றால் ஜெல் தேய்ந்துவிட்டது. உலர் எடை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த இடத்தில்தான் புதிய மணிக்குச் செலவழிப்பது நியாயம்.

கழுவிய அமிலம் உள்நீரைவிடப் பல மடங்கு நச்சு. சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

தீர்ந்த மணியை என்ன செய்வது

இது அறிகுறி இல்லை, ஆனால் கேட்காமல் விடுபவர்கள் அதிகம். "மட்கும் ஜெல்தானே, எருக்குழியில் போடலாமா?" என்ற கேள்விக்குப் பதில்: கூடாது. ஜெல் மட்கும், ஈயம் மட்காது. எருக்குழியில் ஜெல் அழிந்ததும் பிடித்த உலோகம் அனைத்தும் மண்ணுக்குப் போகும், அங்கிருந்து வேருக்கும் கிணற்றுக்கும் போகும். எரிக்கவும் கூடாது, காட்மியமும் ஆர்செனிக்கும் பாதரசமும் புகையோடு போகும், மிச்சம் சாம்பலில் நிற்கும்.

மணியை நீர் வடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் கொள்கலனில் போட்டு, எந்த உலோகம், எப்போது எடுத்தது என்று எழுதி ஒட்டி, அபாயக் கழிவு கையாள அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். கொள்கலனை வெயிலில் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். கழுவிய அமிலத்தையும் தனிக் கொள்கலனில் அதேபோல் கொடுத்துவிடுங்கள், இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.